கெட்டதை முதலில் சொன்ன ஜமீலா அக்கா

செய்தி அக்காவின் எண்ணிலிருந்தே வந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் காலையில் முதல் செய்தி எப்போதும் அவருடையதுதான். தண்ணீர் குடித்தீர்களா, மாத்திரை போட்டீர்களா, யாருக்காவது தலை சுற்றுகிறதா என்று ஏதாவது ஒன்று கேட்டிருப்பார். அன்றும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, அலுவலக மேஜையில் கைப்பையை வைத்துக்கொண்டே போனைப் பார்த்தேன். "ஜமீலா இன்று காலை மௌத்தாகிவிட்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். காதர்" என்று இருந்தது. அவர் கணவர் காதர் பாய், அக்காவின் போனிலிருந்தே எழுதியிருந்தார். குழுவில் நெடுநேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. எதையும் கேட்பதென்றால் அவரிடம்தானே கேட்டுப் பழக்கம்.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஜமீலா அக்காவுக்கு மலைக்கோட்டைக்குக் கீழே நைட்டி, உள்பாவாடை மொத்த வியாபாரக் கடை. கல்லாவில் அவர்தான் உட்காருவார். உடல் எடை மிகுந்து, சர்க்கரையும் மூட்டுவலியும் சேர்ந்து, இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அது முடிந்து ஓரிரு வருடம் கழித்து, புதிதாக வருகிறவர்களிடம் பேச முடியுமா என்று அவருடைய டாக்டர் கேட்டிருக்கிறார். அன்று தொடங்கியதுதான், கே.கே. நகரில் ஒரு மாடி அறையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடும் கூட்டம். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், செய்துகொள்ளப் போகிறவர்கள், யோசிப்பவர்கள் எல்லோரும் வருவோம்.

நான் முதன்முதலில் போனபோது யோசிப்பவர்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். உண்மையில் யோசித்து முடித்திருந்தேன். சீக்கிரம் ஒரு தேதி கிடைத்தால் போதும் என்றிருந்தது. தூக்கத்தில் மூச்சு அடைபடுவதால், மூக்கில் குழாய் மாட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும் என்ற நிலை எனக்கு. அக்கா எழுந்து, வணக்கம்கூடச் சொல்லாமல், கெட்டதிலிருந்து ஆரம்பித்தார். முடி கொட்டும். தோல் தொங்கும். சத்து மாத்திரையை ஆயுசு முழுக்க நிறுத்தக் கூடாது. கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தால் அழுகை வரும். தையல் போட்ட இடத்தில் கசிவு வரலாம், அரிதாக உயிருக்கே ஆபத்து வரலாம், அதை டாக்டரிடம் கூச்சப்படாமல் நேராகக் கேளுங்கள் என்றார். முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அக்கா அவரைத் தடுக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும், இப்படிப் பயமுறுத்தலாமா என்று நான் கேட்டேன்.

"பயந்து போறவங்க போகட்டும்மா. தெரியாம படுத்துட்டு அப்புறம் பயப்படுறதுதான் ஆபத்து," என்றார். பிறகு சிரித்தபடி, கடை மாடியில் இருக்கும் குடோனுக்குப் பத்து வருடமாக வேலையாள்தான் ஏறிக்கொண்டிருந்தார், இப்போது தானே ஏறிப் போய்ச் சரக்கு பார்ப்பதாகச் சொன்னார். நல்லதைச் சொல்ல அவருக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

அடுத்த கேள்வி என்னைப் பற்றி. வீட்டில் யார் சமையல் என்று கேட்டார். மாமியார் என்றேன். அவர்களுக்கு விஷயம் தெரியுமா என்றார். தெரியாது. பித்தப்பைக் கல் என்று சொல்லிவிடலாம் என்று நானும் என் கணவரும் பேசி வைத்திருந்தோம். அக்கா தலையை ஆட்டினார். "அப்ப இப்ப தேதி வாங்காதே. ஆபரேஷன் பண்றது டாக்டர். அதுக்கப்புறம் உனக்குக் கஞ்சி வடிக்கப் போறது அவங்க."

எனக்குச் சொல்ல வாய் வரவில்லை என்று தெரிந்ததும், அடுத்த வாரம் அவரே ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறி வந்துவிட்டார். சித்திரை வீதியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, என் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னார். பெருமாள் கொடுத்த உடம்பைக் கத்தி வைத்து வெட்டுவார்களா என்று மாமியார் கேட்டார். அக்கா மதத்துக்குள்ளே போகவில்லை. "கண்ணுல புரை வந்தா எடுக்கறோம் இல்லையா மாமி," என்று மட்டும் சொன்னார். மாமியார் சமீபத்தில்தான் அந்தக் கண் ஆபரேஷன் செய்துகொண்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. மாமியார் பாலும் வெல்லமும் போட்டு அக்காரவடிசல் செய்திருந்தார். ஒரு கிண்ணம் நிறைய, நெய் மிதக்க, அக்கா கையில் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா ஸ்பூன் நுனியில் கொஞ்சம் எடுத்து, வாயில் வைத்து, மெல்ல மெல்ல ருசித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். மாமியாரின் முகம் மாறிவிட்டது.

"ஏன், நன்னா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு மாமி. இதுக்கு மேல சாப்பிட்டா நெஞ்சு படபடன்னு அடிச்சு வேர்த்துக் கொட்டிரும். நாளைக்கு உங்க மருமக வைதேகியும் இப்படித்தான் வைப்பா. உங்க மனசு கஷ்டப்படும். உங்க கைப்பக்குவத்துல குறையில்ல, அவ வயித்துல இடமில்லன்னு நெனச்சுக்கங்க."

மாமியார் அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய், பருப்புத் தண்ணீரில் உப்பு போடலாமா என்று அங்கிருந்தே கேட்டார். அதற்கப்புறம்தான் நான் தேதி வாங்கினேன்.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், அடுப்படியிலிருந்து தாளிக்கும் வாசனை வந்தபோது, நான் என்ன காரியம் செய்துகொண்டேன் என்று விம்மி அழுதேன். பசியால் வந்த அழுகை இல்லை. நாற்பது வருடமாகத் துணைக்கு இருந்த ஒன்றைப் பறிகொடுத்தது போல இருந்தது. இதை யாரிடம் சொல்வது? என் கணவர், எல்லாம் சரியாகிவிடும் என்பார். அக்காவிடம் சொன்னேன். சரியாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு வந்த முதல் ரமலானில் தனக்கு நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதையும், நோன்பு திறக்கும் நேரத்தில் வீடே கஞ்சிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும்போது தான் மட்டும் மாடிக்குப் போய் நின்றதையும் சொன்னார். அடுத்த வருடம் டாக்டரின் அனுமதியோடு நோன்பு வைத்து, நாலு ஸ்பூன் கஞ்சி குடித்தாராம். அந்த நாலு ஸ்பூனுக்கு அவ்வளவு ருசி இருந்தது என்றார். என் துக்கத்தை அவர் துக்கமாகவே எடுத்துக்கொண்டதால்தான் அது குறைந்தது.

அவர் மேல் எனக்குப் பெரும் மரியாதை வந்தது இன்னொரு நாள். ஒரு மாதம் கழிந்திருக்கும். கெட்டி உணவு சாப்பிட ஆரம்பித்திருந்தேன். திடீரென்று எல்லாம் வாந்தியானது. இதெல்லாம் சகஜம், வயிறு பழகுகிறது என்று உறவினர் ஒருவர் சொன்னார். நானும் நம்பி ஒரு நாள் படுத்திருந்தேன். மறுநாள் மத்தியானம் அக்காவுக்கு போன் செய்து, சுக்குக் கஷாயம் ஏதாவது குடிக்கலாமா என்று கேட்டேன்.

"தண்ணி நிக்குதா?" என்றார்.

"இல்லக்கா. குடிச்ச உடனே வந்துடறது."

"அப்ப எங்கிட்ட பேசாதே. போனை வச்சிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. நான் அங்க வந்துர்றேன்."

நாங்கள் ஆட்டோவில் போய் இறங்கியபோது அவர் வாசலில் நின்றார். கடையை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருந்தார். தைத்த இடம் வீங்கி வழி குறுகியிருந்தது. உடம்பில் நீரும் சத்தும் வற்றியிருந்தன. இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் நரம்பு பாதித்திருக்கக்கூடும் என்று டாக்டர் சொன்னார். குளுக்கோஸும் வைட்டமின் ஊசியும் ஏற்றி, உள்ளே குழாய் விட்டு வழியை விரித்து, ஒரு வாரத்தில் அனுப்பினார்கள். அத்தனை பேருக்கு வழி சொன்னவர், வைத்தியம் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. தனக்குத் தெரிந்தது எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கூட்டத்தில் நடந்த ஒன்றை அன்று இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சரண்யா என்ற பெண்ணை அவள் அம்மாவும், அவளுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளையின் அக்காவும் அழைத்து வந்தார்கள். கல்யாணத்துக்குள் ஆபரேஷன் முடிந்துவிட வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டின் நிபந்தனை. அந்தப் பெண் பருமன்தான், ஆனால் நோய் எதுவும் இல்லை. பெரியவர்கள் பேசப் பேச அவள் துப்பட்டா நுனியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளைத் தனியாக அடுத்த அறைக்கு அழைத்துப் போனார். என்னையும் வரச் சொன்னார். உனக்கு இது வேணுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

வெளியே வந்து அவள் அம்மாவிடம் அக்கா சொன்னார்: "இது கல்யாணத்துக்குத் தைக்கிற பிளவுஸ் இல்லீங்க, பிடிக்கலைன்னா பிரிச்சுத் தைக்கிறதுக்கு. அவளுக்கு வேணும்னு அவளே வந்து சொல்லட்டும். அப்ப டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

மாப்பிள்ளையின் அக்கா கோபித்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்தச் சம்பந்தம் முறிந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. சரண்யாவின் அம்மா போனில் அக்காவைத் திட்டித் தீர்த்தாராம். நாங்கள் எல்லோரும் அக்கா செய்தது சரி என்றோம். அவர் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் புள்ள இப்ப எப்படி இருக்கோ என்று அவ்வப்போது கேட்டுக்கொண்டிருந்தார். சரண்யா மறுபடி வரவே இல்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

அவரைப் பற்றி மற்றவர்களிடம் சொல்லும்போது நான் முதலில் சொல்வது, அவருடைய எடை திரும்ப ஏறிய கதையைத்தான். அவருடைய அம்மா இறந்த வருடம் அது. கொஞ்ச நாள் கூட்டத்துக்கு வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, எனக்கு ஒன்பது கிலோ ஏறிப்போச்சு என்றார். அம்மா போன பிறகு கல்லாவில் உட்கார்ந்தபடியே மிக்சரும் பிஸ்கட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கத் தின்றிருக்கிறார். அப்படியென்றால் இந்த ஆபரேஷனால் என்ன பயன் என்று புதிதாக வந்த ஒருவர் கேட்டார். கேட்டதில் தப்பில்லை.

"வயித்தைத்தான் சின்னதாக்குனாங்க தம்பி. துக்கத்தைச் சின்னதாக்கல," என்றார் அக்கா. "அதுக்கு மனுஷங்கதான் வேணும். அதான் இங்க வந்து நிக்கிறேன். சாயங்காலம் யாராச்சும் எங்கூட நடக்க வர்றீங்களா?"

வழிநடத்துகிற இடத்தில் இருப்பவர் உதவி கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் முறை வைத்துக்கொண்டு அவரோடு நடந்தோம். என் முறை வரும் நாட்களில் காவிரிப் பாலத்தில் நடப்போம். தன் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவார். ஏறியதில் பாதி இறங்கியது, மீதி இறங்கவில்லை. அதையும் கூட்டத்தில் அப்படியே சொன்னார்.

அக்கா மௌத்தான அன்று அவர் வீட்டில் பெண்களோடு நான் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருவர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அந்த ஆபரேஷன்தான் ஆளைத் தின்றுவிட்டது என்றார்கள். உண்மை அதுவல்ல. முந்தின நாள் கடையில் திடீரென்று தலைவலி என்று சொல்லி மயங்கியிருக்கிறார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. அறுவை சிகிச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொன்னதாகக் காதர் பாய் கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அழுது சிவந்த கண்களோடு, ஒரே விளக்கத்தை ஒவ்வொருவரிடமும்.

அடுத்த கூட்டத்துக்கு வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்தார்கள். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் செல்வராஜ் என்பவருக்கு அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. அவர் என்னிடம் வந்து, அக்கா செத்தது இதனாலதானா என்று நேரடியாகக் கேட்டார். பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகாது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. டாக்டர்கள் சொன்னதாக எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நான் டாக்டர் இல்லை, உங்கள் டாக்டரிடமே கேளுங்கள், தள்ளிப்போட வேண்டும் என்று தோன்றினால் தள்ளிப்போடுங்கள் என்றேன். பிறகு, உங்களுக்கு எது பயமாக இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

அவர் ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடைசியில், "மயக்க ஊசி போட்டு எந்திரிக்காம போயிட்டா என்னங்க பண்றது? எங்க அப்பா அப்படித்தான் போனாரு," என்றார். வீட்டில்கூட இதை அவர் சொன்னதில்லை.

மறுநாள் அவரும் அவர் மனைவியும் நானும் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கப் போனோம். செல்வராஜ் அப்பாவின் கதையைச் சொன்னார். டாக்டர் இன்னும் இரண்டு பரிசோதனை எழுதி, தேதியைத் தள்ளிவைத்தார். பரிசோதனைகள் நல்லபடியாக வந்தன. அறுவை சிகிச்சையும் நல்லபடியாக முடிந்து, இப்போது அவர் வீட்டில் கஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். உப்பு குறைவு என்று மனைவியிடம் சண்டையாம்.

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியது இதுதான். பயத்தோடு வருகிறவரிடம் ஆறுதல் சொல்ல அவசரப்படாமல், அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பொறுமை. பேசுவதைவிட அது கடினமாக இருக்கிறது. அக்காவுக்கு எப்படி அத்தனை சுலபமாக வந்தது என்று அவரிடம் ஒருநாளும் நான் கேட்டதில்லை. ஒருவேளை அவருக்கும் அது சுலபமாக இருந்திருக்காது.