பேன்ட் பையில் போன மலேசியா

வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்குக் காது இரண்டும் முதுகுப் பக்கம் இருக்கும். கண் ரோட்டில், கை ஸ்டியரிங்கில். ஆனால் பின்சீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் குசுகுசுக்கிற பேச்சில் ஒரு எழுத்து விட்டுப்போகாது. திருவனந்தபுரத்தில் முப்பத்தொரு வருஷமாக ஓட்டுகிறேன். நீங்களும் ஒரு வண்டியோ கடையோ கவுண்டரோ வைத்துக்கொண்டு காலையிலிருந்து ஜனங்களோடு மாரடிக்கிறவர் என்றால், நான் சொல்லப்போவதைக் கேட்டு இரண்டு தரமாவது தலையை ஆட்டுவீர்கள். போன ஆவணியில் பதினோரு நாள் ஓட்டின ஒரே ஒரு பார்ட்டியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

வரவேற்புப் பேச்சு

மலேசியாவிலிருந்து வருகிற தமிழ்க்காரர்களுக்கென்று நான் ஒரு வசனம் வைத்திருந்தேன். ஏர்போர்ட்டில் பெட்டியை வாங்கும்போதே, "வாங்க சார், சொந்த நாட்டுக்கு வந்திருக்கீங்க" என்பேன். சிலர் கண் கலங்குவார்கள். ஒருத்தர் கட்டியே பிடித்திருக்கிறார்.

அன்றைக்கு வந்தவர்கள் மூன்று பேர். ஈப்போவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற குணசேகரன். அவர் மனைவி லெட்சுமி அக்கா, அவர்களுக்கு மூட்டுவலி. கூடவே அவர்கள் பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா, லிம் அக்கா, இவர்களுக்கு முதுகுவலி. மூன்று பேருக்கும் இங்கே எண்ணெய்ச் சிகிச்சை. நான் வழக்கம்போல வசனத்தை எடுத்துவிட்டேன். குணசேகரன் டிராலியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. டிக்கெட்டைத் தப்பாகக் கிழித்த கண்டக்டரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"அண்ணே, எங்க தாத்தாதான் இந்தப் பக்கத்துக்காரரு. நாங்க விருந்தாளிங்க. சொந்த நாட்டுக்கு எங்களுக்கு ரெண்டாந்தேதி பிளைட்டு."

பெருங்காயம்

மூன்றாம் நாள் லிம் அக்காவுக்கு ஆரியசாலைக் கடைத்தெருவில் மசாலா சாமான் வாங்க வேண்டும் என்றார்கள். எனக்குப் பழக்கமான மொத்தக் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் திருநெல்வேலி அண்ணாச்சி. சீனத்து முகத்தைப் பார்த்ததும் அவருக்குள் இருந்த இங்கிலீஷ் மொத்தமும் வெளியே வந்துவிட்டது. "வெரி குட் மேடம், நம்பர் ஒன் மேடம்" என்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூக்குக்குப் பக்கத்தில் நீட்டினார். லிம் அக்கா பொறுமையாக எல்லாவற்றையும் மோந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது பால் பெருங்காயமா கூட்டுப் பெருங்காயமா? கூட்டுன்னா எனக்கு வேணாம், ரசம் மணக்காது" என்றார்.

அண்ணாச்சி பின்னால் நின்ற குணசேகரனைப் பார்த்தார், பேசினது அவரோ என்று. பிறகு என்னைப் பார்த்தார். லிம் அக்காவின் அப்பா ரப்பர் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவராம். சுற்றி இருந்த பிள்ளைகள் எல்லாம் தமிழ்ப் பிள்ளைகள். அக்கா படித்ததும் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில்தான். இதையெல்லாம் நான் எடுத்துச் சொன்ன பிறகும் அண்ணாச்சிக்குத் தீரவில்லை. குணசேகரனைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்போ இவங்களை நீங்க தமிழ்னு சொல்லுவியளா, சீனான்னு சொல்லுவியளா?" என்று கேட்டார்.

"மலேசியான்னு சொல்லுவோம். அதுலயே எல்லாம் அடங்கிரும்ணே. கால் கிலோ பால் பெருங்காயம் போடுங்க."

கரமனைப் பாலம்

ஆகஸ்ட் முப்பத்தொன்று காலையில் சிகிச்சை முடிந்து மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு வருகிறேன். தலையெல்லாம் எண்ணெய், அதன்மேல் துண்டுக்கட்டு. கரமனைப் பாலத்தில் வண்டி நகரவில்லை. முன்னால் ஒரு லாரி, பின்னால் இரண்டு பஸ். குணசேகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ரேடியோவைக் கொஞ்சம் அணைச்சிருங்க. இன்னிக்கு எங்க சுதந்திர நாள்" என்றார். அணைத்தேன். மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முதுகுவலிக்கு வந்த லிம் அக்கா அவ்வளவு நேராக உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர்கள் நாட்டு தேசிய கீதத்தை மலாய் பாஷையில் முழுசாகப் பாடினார்கள். பஸ்காரன் பின்னாலிருந்து ஹாரனைக் கிழிக்கிறான். இவர்கள் ஒரு வரி தப்பவில்லை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நம்ம நாட்டுப் பாட்டு என்றால் எழுந்து நிற்கலாம். அடுத்தவர் நாட்டுப் பாட்டுக்கு, அதுவும் கார் சீட்டில், டிரைவர் எப்படி மரியாதை பண்ணுவது? பெல்ட்டைக் கழற்றி, கதவில் கையை வைத்துவிட்டேன். பாட்டு முடிகிற இடத்தில் லெட்சுமி அக்கா என் தோளைத் தொட்டார்கள்.

"நீங்க உக்காந்தே இருங்கண்ணே. பிரேக்கை மட்டும் விட்டுறாதீங்க."

இரண்டு மஞ்சள் பை

இரண்டாம் தேதி. மத்தியானம் மூன்று மணிக்கு ஏர்போர்ட்டில் நிற்க வேண்டும். போகிற அன்றைக்குக் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்துவிடலாம் என்றார் குணசேகரன். இந்த ஊர்ப் பெரிய கோயிலில் ஆண்கள் பேன்ட் சட்டையோடு உள்ளே போக முடியாது. வேட்டி கட்டி, மேலே வெறும் உடம்போடுதான் போகணும். அதனால் எங்களைப் போன்ற டிரைவர்கள் டிக்கியில் நாலைந்து வேட்டி வைத்திருப்போம். வருகிறவர் காருக்குள்ளேயே மாற்றிக்கொள்வார். கழற்றினதை நாங்கள் ஒரு பையில் போட்டு வாங்கி வைப்போம். என்னிடம் இருப்பதெல்லாம் ஒரே ஜவுளிக்கடையின் மஞ்சள் பை. குணசேகரனின் பேன்டும் சட்டையும் ஒரு மஞ்சள் பைக்குள் போயின. லெட்சுமி அக்காவும் அவரும் கோயிலுக்குள் போனார்கள். லிம் அக்கா சிப்ஸ் வாங்கக் கடைக்குப் போனார்கள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஸ்டாண்டு சசி வந்தான். அவன் வண்டி கேஸ் வண்டி, டிக்கியில் பாதி இடத்தை சிலிண்டரே அடைத்துக்கொள்ளும். மிச்சத்தில் பெட்டிகள். "அண்ணா, என் பார்ட்டியோட பையைக் கொஞ்சம் உங்க டிக்கியில வெச்சோட்டே" என்று ஒரு பையைக் கொடுத்தான். அதுவும் முன்னால் என் வேட்டி ஒன்றோடு சேர்த்து வாங்கின மஞ்சள் பைதான்; அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் அவன் பார்ட்டி கோயிலுக்குள் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் பார்ட்டி வந்துவிட்டது. கோயம்புத்தூர்க்காரர்கள், கன்னியாகுமரி போகிற அவசரம். நான் இன்னொரு டிரைவரோடு பேச்சு சுவாரசியத்தில், திரும்பிக்கூடப் பார்க்காமல் டிக்கிக்குள் கையை விட்டு ஒரு பையை எடுத்துக் கொடுத்தேன்.

அரை மணி கழித்து குணசேகரன் சந்தனப் பொட்டோடு வந்தார். பையைப் பிரித்தார். உள்ளே இருந்தது நாற்பத்திரண்டு இடுப்புக்காரர் ஒருத்தரின் பேன்ட். நான் சிரித்துவிட்டேன், தப்புத்தான். அவர் சிரிக்கவில்லை. உதடு வெளுத்துவிட்டது.

"அண்ணே, பாஸ்போர்ட்டு. பர்ஸு, அடையாள அட்டை எல்லாம் அந்தப் பேன்டு பையிலதான் இருக்கு."

காக்கிச் சட்டை

சசிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போன் பேசி அபராதம் கட்டினதிலிருந்து அவன் ஓட்டத்தில் போனைத் தொடுவதே இல்லை. நல்ல பழக்கம்தான், அன்றைக்கு மட்டும் அதைச் சபித்துக்கொண்டே திரும்பத் திரும்ப அடித்தேன். பாஸ்போர்ட் கிடைக்காவிட்டால் முதலில் போலீஸில் எழுதிக்கொடுக்கணும், பிறகு சென்னைக்குப் போய் அவர்கள் நாட்டு ஆபீஸில் காகிதம் வாங்கணும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். மறுநாள் அவர்கள் மகளுக்கு மலேசியாவில் ஆபரேஷன். அதற்காகத்தான் அந்த டிக்கெட்டே போட்டிருந்தார்கள். லெட்சுமி அக்கா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

வெறும் உடம்போடு ஸ்டேஷனுக்குப் போக முடியாதே. என் மாற்றுச் சட்டையைக் கொடுத்தேன். காக்கி. குணசேகரன் வேட்டி, காக்கிச் சட்டை, சந்தனப் பொட்டோடு போய் நின்றார். எழுதுகிற போலீஸ்காரர் தலையைத் தூக்கி, "எந்த ஸ்டாண்டில் ஓடுது?" என்று மலையாளத்தில் கேட்டார். இவர் தமிழில், "சார், நான் மலேசியன்" என்றார். போலீஸ்காரர் தன்மையான ஆள்தான். "அது சரி, ஆதார் கார்டு எடுங்க" என்றார். "ஆதார் கிடையாது சார். நான் மலேசியன்." சிகிச்சை நடந்த இடத்தில் நகல் இருக்கும், வாங்கி வருகிறோம் என்று நான் நடுவில் புகுந்தேன். போலீஸ்காரர் பேனாவை வைத்துவிட்டு லிம் அக்காவைக் காட்டினார். "இந்த அம்மா இந்த நாடு இல்லைன்னு பார்த்தாலே தெரியுது. உங்களைப் பார்த்தா தெரியலியே."

ஏர்போர்ட்டிலும் கடையிலும் கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருந்த மனுஷன், இப்போது வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். லிம் அக்கா தன் பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள்.

"சார், இவரு என் நாட்டுக்காரரு. என் புள்ளைங்களைப் பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸுல கூட்டிப்போனவரு. சாட்சி நான். எழுதிக்குங்க."

பாறசாலைச் சாயா

போலீஸ்காரர் எழுத ஆரம்பிக்கும்போதுதான் என் மண்டையில் ஏறியது. எங்கள் ஸ்டாண்டு வண்டி எதுவும் கன்னியாகுமரி ஓட்டத்தில் பாறசாலைச் சாயாக்கடையில் நிற்காமல் போகாது. பார்ட்டியை இறக்கிவிட்டால் டிரைவருக்குச் சாயாவும் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் சும்மா. சசி சும்மா கிடைக்கிற பழம்பொரியை விட்டுவிட்டுப் போகிற ஜென்மம் இல்லை. கடை நடத்துகிற சேச்சியின் நம்பர் என்னிடம் இருந்தது. வெளியே வந்து போட்டேன். வெள்ளைக் கார், மஞ்சள் பை, உள்ளே பேன்ட் என்று மூன்று வார்த்தைதான் சொன்னேன். சேச்சி போனைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் பார்க்கப் போனார். பிறகு திரும்பி வந்தார்.

"தாணு அண்ணா, வண்டி இவிடெ உண்டு. ஆளு சாயா குடிக்குந்நு. பேன்டு ஞான் பிடிச்சு வெச்சிட்டுண்டு."

நாற்பத்திரண்டு இடுப்பு

பாறசாலைக்கு நான் ஓட்டின ஓட்டத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டாம், போலீஸ்காரர்களும் படிப்பார்கள். கடை வாசலில் சசி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். கோயம்புத்தூர்க்காரருக்கு வேட்டி சௌகரியமாக இருந்ததாம், பையைப் பிரிக்கவே இல்லையாம். என்னைத் திட்டுவார் என்று குனிந்து நின்றேன். அவர் தன் பையை வாங்கிக்கொண்டு, கன்னியாகுமரியிலும் வேட்டியோடு இருக்கலாமா, வேட்டிக்கு நான் என்ன தரணும் என்று மட்டும் கேட்டார். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

குணசேகரன் பேன்டை எடுத்து உதறவில்லை. மடித்தபடியே மெதுவாகப் பைக்குள் கையை விட்டு, அந்தச் சிவப்புப் புத்தகத்தை வெளியே எடுத்தார். போட்டோ பக்கத்தைத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்து பார்த்தார். லெட்சுமி அக்கா அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு மொத்தத்தையும் ஒன்றாக விட்டார்கள். நாங்கள் ஆளுக்கொரு சாயா குடித்தோம். லிம் அக்கா மட்டும் இவரையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவர்கள் ஊர் வழக்கப்படி ஒரு 'லா' போட்டுச் சொன்னார்கள்.

"போட்டோவுல இருக்கிறது நீதான் குணா. போதும் லா, பிளைட்டுக்கு நேரமாச்சு."

எழுதினதை அடிக்க

பாதி எழுதின புகாரை அப்படியே விட்டுப் போகக் கூடாது என்று குணசேகரன் பிடிவாதம் பிடித்தார். நேரம் இருந்தது, ஸ்டேஷனில் நிறுத்தினேன். போலீஸ்காரர் முன்னால் போய்ப் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் நீட்டினார், தேர்வு பாஸான பையன் மார்க் சீட்டை நீட்டுவது போல. "பாருங்க சார், மலேசியா." அவர் வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். போட்டோவைப் பார்த்தார். எதிரே காக்கிச் சட்டையும் வேட்டியுமாக நின்ற ஆளைப் பார்த்தார். எழுந்து, அந்தப் புத்தகத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"செரி, மலேசியாக்காரர்தான். இனி அந்தப் பேன்டை எடுத்துப் போட்டுக்கோங்க."

ஏர்போர்ட் வாசலில் என் காக்கிச் சட்டையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்று பேரும் உள்ளே போனார்கள், மகள் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்ததென்று மறுநாளே செய்தி வந்தது. அதற்கப்புறம் ஏர்போர்ட்டில் யாரையும் "சொந்த நாட்டுக்கு வாங்க" என்று நான் கூப்பிடுவதில்லை, "பாஸ்போர்ட்டை எங்கே வச்சிருக்கீங்க" என்றுதான் முதலில் கேட்கிறேன்.