கைகுலுக்காத காட்சி

என் நாவலில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. தொலைக்காட்சிக்காரருக்கு அதுதான் பெரிய குறையாகத் தெரிந்தது.

லண்டனில் கோடை வந்தால் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் ஆடும் கரப்பந்தாட்டம், அதாவது வொலிபோல்தான் கதைக்களம். எதிரெதிர்க் கழகங்களில் ஆடும் இரண்டு இளைஞர்கள் காதலிக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு தயாரிப்பு நிறுவனம் தொடராக எடுக்க வாங்கியது. திரைக்கதையையும் நானே எழுதலாம் என்றார்கள். தலைகால் புரியாத சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் சுற்றுப்போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. இறுதி ஆட்டத்துக்கு முன் இரண்டு அணியும் வரிசையாக நிற்கும். பிரதம விருந்தினர் மாலையோடு வந்து ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் கைகொடுத்துக்கொண்டு போவார். நாவலில் அந்த விருந்தினர் காதலர்களில் ஒருவனின் தகப்பன். மகனின் காதலன் கையை நீட்டுகிறான். தகப்பன் அதைக் காணாதவர்போல அடுத்தவன் கையைப் பிடிக்கிறார். மைதானமே பார்க்கிறது. ஒருவரும் வாய் திறப்பதில்லை. விசில் கேட்கிறது, ஆட்டம் தொடங்குகிறது.

தயாரிப்பாளர் நல்ல பெண்மணி. ஆனாலும் இது பார்ப்பவர்களுக்கு விளங்காது என்றார். தகப்பன் உடைமாற்றும் அறைக்குள் போய் மகனை ஓங்கி அறைந்தால் என்ன என்று கேட்டார். மாட்டேன் என்றேன். அடுத்த வரைவிலும் அதே கேள்வி. இயக்குநர் இடையில் புகுந்து, அறைய வேண்டாம், வீட்டில் சாப்பாட்டுக் கோப்பையையாவது போட்டு உடைக்கட்டும் என்றார். எங்கள் வீடுகளில் கோப்பையை உடைத்தால் அதை யார் கூட்டுவது என்பதில் சண்டை திசைமாறிவிடும் என்றேன். சிரித்தார்கள், ஆனால் விடவில்லை. நானும் விடவில்லை. எங்கள் அப்பாமார் ஒரு சொல் பேசாமல் ஆளைக் கொல்லத் தெரிந்தவர்கள். அதைக் காட்டாவிட்டால் இந்தத் தொடர் எனக்கெதற்கு? அந்தக் காட்சியை எடுத்தால் தொடரில் இருந்து என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் தயாரிப்பாளர் ஒரு வழி சொன்னார். மைதானத்தில் ஒத்திகை பார்ப்போம். எங்களுக்கு உறைத்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் அறைவதுதான்.

தோர்ண்டன் ஹீத்தில் என் கூடப்பிறந்த அண்ணையின் கழகம் ஆடும் மைதானத்தைக் கேட்டேன். அவர்தான் அதன் தலைவர். கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் மட்டும் பேசிக்கொள்ளும் உறவு எங்களுடையது. கரப்பந்தாட்ட நாடகம் என்றேன். மேலே எதுவும் கேட்காமல் மைதானத்தையும் வரிசையில் நிற்க ஆட்களையும் தந்தார். கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு.

நடிகர்களுக்கு ஆட்டம் பழக்கியது என்னோடு வாழ்பவர். முன்பு நாங்கள் இருவரும் பொடியன்களாக ஒரே கழகத்தில் ஆடியவர்கள். அன்று அவர் வலைக்கு அந்தப் பக்கம் பந்துகளோடு நின்றார். அண்ணை அவர் பக்கம் திரும்பாமல் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

தகப்பன் வேடத்துக்கு இன்னும் ஆள் முடிவாகவில்லை. அண்ணை பொடியன்களை வரிசைப்படுத்துவதைக் கண்ட இயக்குநர், ஒத்திகைக்கு நீங்களே விருந்தினராக நடக்க முடியுமா என்று கேட்டார். நான் தடுக்கவில்லை, தடுக்க விரும்பவும் இல்லை. ஒருவனை மட்டும் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று இயக்குநர் சொன்னது அண்ணைக்கு நன்றாகவே விளங்கியது. ஆனாலும் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் அவனை விடவேணும்?"

"அவன் உங்கட மகனை விரும்பிறான் அண்ணை."

அவர் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நெடுநாள் விருந்தினராக இருந்து பழகிய கை. தலையசைத்து, தோளில் தட்டி, ஒவ்வொருவராகத் தாண்டி வந்தவர், விட வேண்டியவனுக்கும் கைகொடுத்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். திரும்ப நடக்கச் சொன்னார்கள். இரண்டாம் முறை அவன் முன்னால் வந்து அப்படியே நின்றார். பிறகு வரிசையை விட்டு விலகி என்னிடம் வந்தார்.

"இது நான் செய்த வேலையெல்லோ," என்றார் மெதுவாக.

"ஓம்."

"நீ அண்டைக்கு அந்த இறுதி ஆட்டத்தில பாத்தனியோ?"

"பக்கத்தில நிண்டனான் அண்ணை. அந்தா பந்தோட நிக்கிறவரை விட்டிட்டு நீங்கள் பிடிச்சது என்ர கை."

இத்தனை வருடம் இதை அவரிடம் சொல்லவில்லை. நாவலில் அவரைத் தகப்பனாக மாற்றி எழுதியும் கோபம் ஆறவில்லை. அவர் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தபோது எனக்குப் பாவமாகவும் இருந்தது. ஆனால் காட்சியை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. ஒருக்கால் ஒழுங்காகச் செய்யுங்கோ, இல்லாவிட்டால் அடிக்கிற காட்சிதான் வரும் என்றேன்.

மூன்றாம் முறை செய்தார். நீட்டிய கையைத் தாண்டி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், அடுத்த கையைப் பிடித்தார். ஓரத்தில் ரோல்ஸ் தின்றுகொண்டு நின்றவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். அந்தப் பொடியனுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.  தயாரிப்பாளர், அறைய வேண்டாம் என்றார். வென்றுவிட்டேன். 

அண்ணை மாலையைக் கழற்றிவிட்டு வலையைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். நான் பின்னால் ஓடினேன். எல்லோரும் பார்க்க, என்னோடு வாழ்பவரிடம் கையை நீட்டினார். அவர் அந்தக் கையைப் பார்த்தார். பந்தைக் கீழே வைக்கவில்லை.

"இஞ்ச வேண்டாம் அண்ணை," என்றார். "இது ஒத்திகை நடக்கிற இடம். வீட்டை வாங்கோ."

அண்ணையின் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகு இறங்கியது. கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"எங்க இருக்கிறியள்?" என்று என்னைக் கேட்டார்.

நோர்பரி என்றேன். தோர்ண்டன் ஹீத்துக்கு அடுத்த ஸ்டேசன். நாங்கள் அங்கே குடிவந்த நாளிலிருந்து அவர் வேலைக்குப் போகும் ரயில் எங்கள் சமையலறை ஜன்னலைக் கடந்துதான் போகிறது. அதையும் சொன்னேன்.

சட்டைப்பையில் இருந்து போனை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"ரோட்டுப் பேரைச் சொல்லு," என்றார்.