விடு, நான் பாத்துக்கறேன்

திரையில் ஒரு பெண் பொம்மை. உருண்டைக் கண்கள், மஞ்சள் தொப்பி, தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிய கைபேசி. யாரிடமோ பேசிக்கொண்டே தகட்டை இயந்திரத்துக்குள் தள்ளுகிறாள். டமார். தலையைச் சுற்றி நட்சத்திரங்கள். பின்னாலேயே ஒரு கூட்டச் சிரிப்பு.

பெங்களூரில் வரைந்து அனுப்பிய படம். அதற்குத் தமிழில் பேச்சு எழுதுவது என் வேலை. ஓசூரில் கவிதை எழுதிக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு இப்படித்தான் வேலை வரும். திறப்பு விழா அழைப்பிதழ், மருந்துக்கடை விளம்பரம், இப்போது போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குப் பாதுகாப்புப் படம்.

அங்கே பாதுகாப்பு அதிகாரி கோயமுத்தூர்க்காரர். "மேடம், நான் மைக் புடிச்சா முன்வரிசையே தூங்குது. கார்ட்டூன் போட்டா டீ ஆறிப்போறதுகூடத் தெரியாமப் பாக்கறாங்க. நடுவுல ஒரு சிரிப்பு மட்டும் வேணுங்க. சிரிச்சதை மறக்க மாட்டாங்க" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. பயிற்சி வகுப்பென்ற பெயரில் எத்தனை பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார்கள் என்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இயந்திரத்தைப் பார்க்காமல் எழுத வராது என்று சொல்லிப் போனேன். தகட்டை அடித்து வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் நின்றேன். ஒவ்வொரு அடிக்கும் உள்ளங்கால் அதிர்ந்தது. இரும்பு இரும்பை அடிக்கும் அந்த இடத்தில் காது ஒரு வேண்டாத உறுப்பு. மனிதர்கள் வாயசைவையும் புருவத்தையும் வைத்தே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து எதிரே உட்கார்ந்தாள். முப்பது வயதிருக்கும். வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை.

"நீங்கதான் அந்தப் படத்துக்கு எழுதறீங்களாக்கா?"

"ஆமாம்மா."

"அந்தப் பொம்ம நான்தான்."

மத்தூர்ப் பக்கத்துக்காரி. விபத்துக்குப் பிறகு பேக்கிங்கில் போட்டிருக்கிறார்கள். சூப்பர்வைசர் அறையில் படத்தை ஓட்டிப் பார்த்தபோது கண்ணாடி வழியாக அவளும் பார்த்திருக்கிறாள்.

"போனெல்லாம் கேட்லயே வாங்கி வெச்சிருவாங்க. அப்புறம் என் போன் மட்டும் எப்படி உள்ள வந்துச்சு? சொல்லுங்க பாக்கலாம்."

விபத்து நடந்த அடுத்த வாரம், எப்போதோ அச்சடித்து வைத்திருந்த ஒரு சுவரொட்டியை அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். 'வேலையில் கைபேசி வேண்டாம்.' அவ்வளவுதான். மீதியைக் கம்பெனி பஸ் எழுதிவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வரி சேர்ந்து, மத்தூரில் இறங்கும்போது அது முழுக் கதை. யாரோடு பேசினாள் என்பதுவரைக்கும்.

"எங்கூட்டுக்காரரே கேட்டாருக்கா. 'அப்படி யார்கிட்ட பேசின?'ன்னு. வெரலு போனது போச்சு. இந்தப் படமும் வந்துச்சுன்னா அவரு கேட்டது நெசமாயிடும்."

நடந்தது இதுதான். பெரிய தகடு, அவள் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம், மிதித்தால் இயந்திரம் இறங்கும் பெடலில் பீகார்க்காரர் ஒருவர். தகடு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது. அதைச் சரிசெய்ய அவர் கையை நீட்டினார். அவரை அவள் பையா என்றுதான் கூப்பிடுவாள், இந்தியில் அண்ணன். "விடு பையா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் கையை உள்ளே விட்டாள்.

அந்த ஷாப்பில் 'ஒரு அடி விடு' என்றால் பெடலை மிதி என்று அர்த்தம். பாதி நேரம் 'அடி'யும் கிடையாது, வெறும் 'விடு'தான். அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் அந்த இயந்திரத்தடியில் கற்றது. விட்டுவிடு என்பதற்கும் அதே சொல் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. சத்தம் மீதியைத் தின்றுவிட, அந்த ஒரு சொல் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் மிதித்துவிட்டார்.

சொற்களோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்துகிறேன். இரட்டைப் பொருள் என்றால் எனக்கு விளையாட்டு. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அதிகாரியிடம் சொன்னேன். "வரைஞ்சு முடிச்சாச்சு மேடம்" என்றார். பிறகு, "போனை எடுத்துட்டா எதுக்குச் சிரிப்பாங்க?"

"சிரிக்க வேணாம்."

"அது வேற படம்ங்க." பேனாவை மூடி வைத்தார். பிறகு பெங்களூருக்குப் போன் செய்தார்.

கைபேசியை அழித்து அனுப்பினார்கள். நட்சத்திரங்களும் சிரிப்பும் போயின; பேச்சுக்கு, அன்று அவள் சொன்ன அந்த ஒரு வரியையே எழுதினேன். கழுத்தை நிமிர்த்த அவர்களுக்கு நேரமில்லை. எதையும் இடுக்காமல் ஒரு பக்கம் சாய்ந்த தலையோடு பொம்மை வேலை செய்தது, ஏதோ கேட்காத ஒன்றைக் கேட்க முயல்வதுபோல.

ஒலிப்பதிவு அறைக்குக் குரல் கொடுக்க வந்த பெண் நன்றாகப் பேசுபவள். ஆனால் அவள் சொன்ன 'விடு' அதட்டலாக இருந்தது. நான் கூட்டிவந்திருந்த மத்தூர்க்காரி இல்லையென்று தலையாட்டினாள்.

"நான் அப்படிச் சொல்லலக்கா. வூட்டுக்கு வந்த விருந்தாளி சாப்ட தட்டத் தூக்கினா சொல்லுவோமில்ல, அப்படி."

"நீயே சொல்லேன்."

ஏசியை நிறுத்தினோம். முதலில் அவளுக்கு வரவில்லை. வாய் திறக்கிறது, மூச்சு மட்டும் வருகிறது. ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு சொன்னாள். "விடு பையா. நான் பாத்துக்கறேன்." அவ்வளவு மென்மையான ஒரு சொல் பெடல்வரைக்கும் போய் என்னவாக மாறியிருக்கிறது!

ஷிப்ட் மாறும் வேளையில் கேன்டீனில் திரையைக் கட்டிப் போட்டுக் காட்டினார்கள். அவள் பெண்கள் வரிசையின் ஓரத்தில் இருந்தாள். பீகார்க்காரர் தூண் பக்கம் நின்றார். 'விடு' என்ற இடத்தில் அதிகாரி படத்தை நிறுத்தி, "இப்ப அந்தம்மா என்ன சொல்லுச்சு?" என்று கேட்டார்.

"அடிக்கச் சொல்லுது சார்!"

"யோவ், வேணாங்குதுய்யா. காதுல என்ன பஞ்சா?"

"உனக்கென்ன தெரியும், நீ கிரைண்டிங் செக்ஷனு."

பாதிப் பேர் இப்படி, பாதிப் பேர் அப்படி. படம் மேலே ஓடியது. இரும்பு விழும் சத்தம். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து, அதே மத்தூர் பஸ்ஸில் வரும் ஒரு பெண் எழுந்தாள்.

"ஏன்டி, அப்ப போன் பேசலியா நீ?"

கம்பெனியில் அதுவரை நேருக்கு நேர் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"இல்லக்கா."

கேட்டவள் நின்றபடியே முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தூண் பக்கம் நின்றவர் தரையைப் பார்த்தபடி, "நாங்க 'மார்'னு சொன்னா? இந்தில அடி" என்றார் மெல்ல. அதன் பிறகு கூட்டம் முழுக்கப் பேச ஆரம்பித்தது. 'அடி' போதும் என்றார் ஒருவர். 'ஹொடி'ன்னு வெச்சுக்கலாம், நான் கன்னடம் என்றார் இன்னொருவர். கையைக் காட்டித்தான் சொல்லணும், வாயே கூடாது என்று யாரோ கத்தினார்கள்.

அவள் வீட்டில் பிறகு என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கண்டது இவ்வளவுதான்: அவள் நாற்காலியை விட்டு எழுந்து, "கையும் வேணாம், வாயும் வேணாம், ரெண்டு பேரும் மெஷினை விட்டு வெளிய வந்து நின்னப்புறம் பெடலை மிதிக்கட்டும்" என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.