ஆடும் கைக்கு ஒரு கிம்பல்

சென்ற ஞாயிற்றுக்கிழமை முற்பகல், தில்லி புசா ரோடு பக்கம் ஒரு வளைகாப்பில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் மூன்று முறை அதிர்ந்தது. பெண்ணின் கையில் வளையல் ஏறிக்கொண்டிருந்த நேரம். ஓடுகிற ஷாட்டைப் பாதியில் விடுவது, சாப்பிடுகிறவன் முன்னாலிருந்து இலையை எடுப்பதற்குச் சமம் என்று தனபால் அண்ணாச்சி சொல்வார். ஆகவே கடைசி வளையல் வரை எடுத்துவிட்டுத்தான் போனைப் பார்த்தேன். அழைத்திருந்தது அவர் மனைவி மல்லிகா. திரும்ப அழைத்ததும், "அவிய போயிட்டாவ அண்ணே. காப்பி குடிச்சாவ, அப்படியே சாஞ்சுட்டாவ" என்றார். யாரோ ஒரு மாமி என் கையில் புளிசாதத் தட்டைத் திணித்தார். அழுதுகொண்டே சாப்பிட்டேன். அண்ணாச்சி இருந்திருந்தால் தேங்காய்ச் சாதத்தையும் கேட்டு வாங்கச் சொல்லியிருப்பார்.

தில்லியில் தமிழ்க் கல்யாணங்களுக்குப் போகிற எல்லாருக்கும் அவரைத் தெரியும். முகம் தெரியாதவர்களுக்கு முதுகு தெரிந்திருக்கும். தாலி கட்டுகிற நேரம் பார்த்து உங்களுக்கு எதையும் தெரியவிடாமல் மறைத்துக்கொண்டு நின்ற அந்த அகலமான முதுகு அவருடையதுதான். அவர் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர் ஒருநாளும் கேட்டதில்லை. திருநெல்வேலிக்காரர், ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவர். நான் கோயம்புத்தூர், பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன். பென்ஷன் வந்த பிறகு இருவரும் சேர்ந்து கேமரா தூக்கினோம். என்னைவிட மூன்று மாதம் இளையவர். இருந்தாலும் அவர்தான் அண்ணாச்சி, நான் வெறும் "வே".

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில், எங்கள் படங்களைத் தொகுத்துத் தரும் ரம்யா எனக்கு மட்டும் தனியாகப் போன் செய்தாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண், தமிழை ஹிந்தியில் தோய்த்துத்தான் பேசுவாள். "அங்கிள், அண்ணாச்சியோட ஃபுட்டேஜ் பூரா ஹில்தா ஹை. முகூர்த்தமே ஆடுது. என்ன ஆச்சு?" அவரிடம் கேட்டேன். கேமரா பழசாகிவிட்டது, இப்போது எல்லாரும் கிம்பல் வைத்துத்தான் எடுக்கிறார்கள், நாமும் ஒன்று வாங்குவோம் என்றார். கேமராவை ஆடாமல் ஏந்திக்கொள்ளும் கைப்பிடிதான் கிம்பல். உள்ளே மூன்று மோட்டார்கள். அந்த வார்த்தையைச் சொன்ன நிமிஷத்திலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை. மறுநாளே கரோல் பாக் கிளம்பிவிட்டோம்.

கடையில் ஆறேழு கிம்பல்களை வரிசையாக வைத்தார்கள். இங்கேதான் நாங்கள் இருவரும் சுத்தத் தமிழர்களாக நடந்துகொண்டோம். பித்தளைப் பாத்திரம் வாங்கப் போனால் நம் வீட்டில் என்ன செய்வார்கள்? கையில் தூக்கிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் நல்ல சரக்கு, லேசாக இருந்தால் ஏமாற்று வேலை. நாங்களும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே கனமானதை எடுத்தோம். "பீரங்கி மாதிரி கெடக்கு வே! இத வச்சு எடுத்தா ஆடுமா?" என்றார். விற்பனைக்காரர் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார். "பையா, ஜல்தி பேக் கரோ" என்று இருவரும் ஒரே குரலில் அவசரப்படுத்தினோம். மெட்ரோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்த சர்தார்ஜிக்கு மூன்று மோட்டார்களையும் விளக்கிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை லக்ஷ்மிபாய் நகர்ப் பூங்காவில் சோதித்துப் பார்த்தோம். முதல் இரண்டு நிமிஷம் ராஜநடை. நான்காவது நிமிஷம் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. கேமராவைத் தாங்கிப் பிடித்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்து, மேலே இன்னொரு கையை வைத்து அழுத்திக்கொண்டார். கேமரா பழசானது பொய் என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஆறு மாசமா ஆடுது வே. டாக்டர் மாத்திரை குடுத்துருக்கார். நிக்காது, கூடாம பாத்துக்கிடலாம்னு சொல்லுதார். மல்லிகாவுக்குத் தெரியும். ஒம்மகிட்ட சொல்லல. சொன்னா என்னைய ஒக்கார வச்சிருவீரு."

உட்கார வைத்திருப்பேன்தான். இரண்டு வாரத்தில் எங்கள் சிநேகிதர் மகள் வித்யாவின் கல்யாணம் இருந்தது. "அத நான் எடுத்தாகணும். அதுலயும் ஆடிச்சுன்னா, கேமராவ வித்துட்டு கோயில் வாசல்ல செருப்புக்கு டோக்கன் குடுக்கப் போயிருதேன்" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதருக்குக் கேமரா இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்றே திரும்பவும் கரோல் பாக். இந்த முறை அவர் எந்தப் பெட்டியையும் தொடவில்லை. கல்லாவுக்கு மேல் தன் கையை நீட்டினார். "பையா, யே ஹாத் தேக்கோ. ஹில்தா ஹை. இஸ்கே லியே தோ." இந்தக் கை ஆடுகிறது, இதற்கு ஏற்றதைக் கொடு என்று அவ்வளவு பேர் நடுவில் கேட்டார். ஆறு மாதம் ஒளித்து வைத்த கை! விற்பனைக்காரர், முந்தின நாள் சொல்ல வந்ததை இப்போது சொன்னார். கனம் ஏறினால் கை சோரும், சோர்ந்தால் நடுக்கம் கூடும். சின்னக் கேமரா, சின்ன கிம்பல், இரண்டு கையாலும் பிடிக்க ஒரு குறுக்குப் பிடி. அவ்வளவுதான் வேண்டும். எங்கள் பீரங்கியை முகம் சுளிக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டு அந்த மூன்றையும் கொடுத்தார்.

அதன் பிறகு நடந்ததை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. மின்சாரம் போடுவதற்கு முன்பே கேமராவைச் சமநிலைப்படுத்த வேண்டும். எந்தப் பக்கம் சாய்த்து விட்டாலும் அங்கேயே நிற்கிற வரை நகர்த்தி நகர்த்தித் திருக வேண்டும். அதற்கே இருபது நிமிஷம் ஆனது. பிறகு பொத்தானை அழுத்தினார். கேமரா தூக்கத்திலிருந்து எழுந்த பூனைபோல் தலையைத் தூக்கி நேராக நின்றது. எதிர்க் கடையின் பெயர்ப்பலகையைக் குறிபார்த்தார். கை நடுங்கியது, பிடி நடுங்கியது, திரையில் பலகை அசையவில்லை! "வே! வே! இங்க வாரும் வே!" என்று கத்தினார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். எவரோ கைதட்டினார். கையின் ஆட்டத்தைத்தான் மோட்டார் விழுங்கும், நடக்கும்போது மேலும் கீழும் ஏறி இறங்குவதை விழுங்காது, அதற்கு முழங்காலை மடக்கி நடக்க வேண்டும் என்று விற்பனைக்காரர் எச்சரித்தார். "கைய அது பாத்துக்கிடட்டும். காலு என் பொறுப்பு" என்றார் அண்ணாச்சி. அடுத்த இரண்டு வாரமும் காலனியில் பால் வாங்கக்கூட முழங்காலை மடக்கித்தான் போனார். மூல வியாதியா என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் ரகசியமாக விசாரித்தார்.

வித்யாவின் மாப்பிள்ளை பஞ்சாபி. மாலை மாற்றும்போது மாமன்மார் பெண்ணைத் தூக்கினார்கள். மாப்பிள்ளை வீட்டிலும் அந்த வழக்கம் உண்டாம். அவர்கள் மாப்பிள்ளையை இன்னும் உயரத் தூக்கினார்கள். இந்த வழக்கம் தங்கள் சொத்து என்று இரு தரப்பும் நினைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்க, நாதஸ்வரமும் பஞ்சாபி டோல் மேளமும் சேர்ந்து முழங்க, நடுவில் அண்ணாச்சி மடித்த முழங்காலோடு முன்னே போனார், பின்னே வந்தார், சுற்றி வந்தார். நான் என் கேமராவை மறந்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து ரம்யா அவருக்குப் போன் செய்தாள். "அண்ணாச்சி, அச்சா ஹை! ட்ரைபாட்ல எடுத்தீங்களா?" "அந்தக் கூட்டத்துல ட்ரைபாட வச்சிருந்தா அதையும் தோள்ல தூக்கியிருப்பானுவம்மா" என்றார். ஒரு வருஷத்துக்கு மேல், போன மாதம் வரைக்கும், ஒரு கல்யாணம் விடாமல் எடுத்தார்.

அஞ்சலிக் கூட்டத்துக்காக அவர் தெரிகிற காட்சி ஏதாவது இருக்கிறதா என்று ரம்யாவைத் தேடச் சொன்னேன். எடுக்கிறவன் எடுத்ததில் இருக்கமாட்டான். எங்கள் தொழிலின் சாபம் அது. வித்யா கல்யாணத்தின் மூலப்பதிவில், கடைசியில், அவள் முன்பு வெட்டி ஒதுக்கிய ஒரு துண்டு கிடைத்தது. கேமராவை நிறுத்திவிட்டுத்தான் கிம்பலை நிறுத்த வேண்டும். அன்றைய சந்தோஷத்தில் மனிதர் கிம்பலை முதலில் நிறுத்திவிட்டார், கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. பந்தி இலை, பாயசம், மின்விசிறி, பிறகு என் முகம், எல்லாம் கிடுகிடுவென்று ஆடுகின்றன. அந்த ஆட்டத்துக்கு மேலே அவர் குரல்: "ஆடல வே! ஒரு எடத்துலகூட ஆடல வே!"

இருபது விநாடி இருக்கும். "கம்ப்யூட்டர்ல போட்டா ஒரே நிமிஷத்துல ஸ்டெடி ஆயிடும் அங்கிள், பண்ணட்டுமா?" என்று ரம்யா கேட்டாள். தொடாதே, அப்படியே கொடு என்று வாங்கி வந்துவிட்டேன். கிம்பல் விழுங்காமல் அவருடைய கை இருக்கிற படம் அது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது.