பெயர் சொல்லாத விண்ணப்பம்

ஜெபக் கூட்டத்தில் புறணி பேசக்கூடாது என்பது எங்களுக்குள் கண்டிப்பான விதி. அதனால் புறணியை நாங்கள் ஜெப விண்ணப்பமாகத்தான் கொடுப்போம். மருமகள் சரியில்லை என்றால் அது புறணி. மருமகளின் இருதயத்தைக் கர்த்தர் தொடவேண்டும் என்றால் அது பாரம். புறணி பேசுகிறவளைப் பார்த்து முகம் சுளிப்போம். பாரத்தோடு வருகிறவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, டீ கொடுத்து, "முழுசா சொல்லுங்க சிஸ்டர், அப்பத்தான் குறிப்பா ஜெபிக்க முடியும்" என்போம்.

இதில் இன்னொரு நாகரிகமும் உண்டு. பெயரைச் சொல்லமாட்டோம். 'ஒரு நபர்' என்போம், 'ஆண்டவருக்குத் தெரியும்' என்போம். ஆண்டவருக்கு மட்டுமா, அடுத்த தெருவுக்கே தெரியும். இந்த வித்தையில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. அந்தத் திறமையை வைத்து நான் செய்த காரியத்தை எங்கள் சபையில் இன்றைக்கும் அற்புதம் என்கிறார்கள்.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே சீட்டு போடும் கவுண்டரில் இரண்டு நாற்காலி. ஒன்றில் நான், இன்னொன்றில் ஓர் அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவர். வல்லத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கணவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை டூட்டியை ஆளுக்கு ஒரு வாரம் பார்க்கவேண்டும் என்பது ஆஸ்பத்திரியின் ஏற்பாடு. நான் சேர்ந்த முதல் வாரமே, ஞாயிறு சர்ச் போகணும் என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொன்னேன்.

"நீ போய்ட்டு வாம்மா. எங்க சாமி எல்லா நாளும் கோயில்லதான் இருக்குது," என்றார் அக்கா.

அதன்பிறகு மூன்று வருஷம் எல்லா ஞாயிறும் அவரே பார்த்தார். செஞ்சியில் ஞாயிறு என்றால் லேசுப்பட்டதில்லை. மெட்ராஸிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் கோட்டை பார்க்க வருகிறவர்கள் ராஜகிரி மலையில் பாதி ஏறி, செருப்பு வழுக்கி, கால் பிசகி, குரங்குக்குச் சிப்ஸ் நீட்டிக் கடி வாங்கி, நேராக எங்கள் கவுண்டருக்குத்தான் வருவார்கள். அத்தனை பேரையும் அவர் தனியாளாகச் சமாளித்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் கஞ்சி போட்ட புடவையில் உட்கார்ந்து, அயலானை நேசிப்பது பற்றிப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுநடுவே தலையை வேறு ஆட்டுவேன். ஞாயிற்றுக்கிழமையை எனக்குக் கொடுத்ததற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அக்காவுக்கு ஒரு தடவையாவது சொன்ன ஞாபகம் இல்லை.

போன வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம், அடுத்த மாதத்து டூட்டி சார்ட்டை அக்கா எழுதி ஒட்டினார். முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் என் பெயர்.

"இந்த ரெண்டு வாரம் நீ பாத்துக்கம்மா. இனிமே எனக்கு வேல இருக்குது," என்று சொல்லிவிட்டு, வரிசையில் நின்ற ஆளிடம் வயசு என்ன என்று கேட்கத் திரும்பிவிட்டார்.

இன்னா வேலக்கா என்று நான் கேட்டிருக்கலாம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது ஒரு பிரிண்டர் மட்டும்தான். நான் கேட்கவில்லை. சரிக்கா என்று சிரித்தேன். பல் மட்டும் தெரியும் அந்தச் சிரிப்பு எங்கள் ஆட்களுக்கு நன்றாக வரும். அடுத்த நான்கு நாள் ஸ்டேப்ளர் பின் வேண்டும் என்பதைத் தவிர அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதற்கு எங்களிடம் எத்தனை நல்ல பெயர்கள்.

ஒருவர் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் தனியாகப் போய் அவரிடமே சொல் என்று இயேசு சொன்னதைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்து, அதற்கு ஒரு சோப்பு டப்பா பரிசும் வாங்கியவள் நான். தனியாகப் போய்ப் பேசத் தைரியம் வேண்டும். கூட்டமாக உட்கார்ந்து ஜெபிக்கத் தொண்டை இருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலக் கூட்டம் எங்கள் டாக்டரின் மனைவி, டாக்டரம்மா என்போம், அவர் வீட்டு மாடியில் நடக்கும். ஆஸ்பத்திரியில் யாரை எங்கே போடுவது என்பதை முடிவு செய்வதும் அவர்தான். ஆஸ்பத்திரியில் அவர் எனக்கு மேடம். மாடியில் மட்டும் இருவரும் சிஸ்டர்.

அன்று என் முறை வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "வேல செய்யிற எடத்துல ஒரு நபர் என்ன ஆராதனைக்குப் போகவிடாம தடுக்கிறாங்க. பேர் சொல்ல விரும்பல. அந்தத் தடை விலகணும்."

பெயர் எதற்கு? கவுண்டரில் இருந்ததே இரண்டு பேர். பத்துப் பதினைந்து பெண்கள் கைதூக்கி, தடையை உடையும் ஆண்டவரே என்று சத்தம் போட்டார்கள். அவர்கள் உடைக்கச் சொன்ன தடை, தினமும் டப்பாவில் எனக்கும் சேர்த்து நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவரும் ஒரு மனுஷி. நடுவில் டாக்டரம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அக்காவை அனந்தபுரத்துக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே இருந்த பெண் இங்கே வந்தாள், ஞாயிறெல்லாம் அவள் தலையில். அனந்தபுரத்தில் கவுண்டருக்கு ஒரே ஆள். வல்லத்திலிருந்து செஞ்சி வந்து பஸ் மாறவேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் போகவேண்டும். அக்கா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த ஞாயிறு நான் சர்ச்சில் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னேன். மூன்றே நாளில் கர்த்தர் பதில் தந்தார் என்றேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றார்கள். எனக்குக் கண்ணீர்கூட வந்தது. அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

மறுவாரம் அக்கா விட்டுப்போன சாமான்களை அனுப்பிவைக்க டிராயரைத் திறந்தேன். சீப்பு, ஊக்கு, இருமல் மாத்திரை. அவற்றுக்கு அடியில் பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டை. விழுப்புரத்தில் ஒரு நர்சிங் காலேஜ் ஹாஸ்டலில் கொடுத்தது. அக்காவின் மகள் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். அவள் போட்டோவும் அக்காவின் போட்டோவும் பக்கத்தில் பக்கத்தில். கீழே, பெற்றோர் பார்க்க வரும் நாள் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும், காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை என்று அச்சடித்திருந்தது. முதல் ஞாயிறுதான் நான் சாட்சி சொன்ன ஞாயிறு.

உடனே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். இரண்டு நாள் அதற்காகவும் ஜெபித்தேன். ஜெபித்தேன் என்றால் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் டாக்டரம்மா முன்னால் போய் நின்று, அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன்.

"கர்த்தர் தெறந்த கதவ நாம மூடக்கூடாது சிஸ்டர்," என்றார்.

"கர்த்தர் தெறக்கல மேடம். நீங்க தெறப்பீங்கன்னு தெரிஞ்சேதான் ஒங்க காதுல விழற மாதிரி நான் ஜெபிச்சேன். அவங்க என்ன தடுக்கவே இல்ல. மூணு வருஷமா என் டூட்டியயும் சேத்து அவங்கதான் பாத்தாங்க."

'சிஸ்டர்' என்பது அதோடு போய்விட்டது. "இங்க பாரும்மா, ஒங்க சண்டைக்கெல்லாம் என்னால ஆள மாத்தி மாத்திப் போட்டுகினு இருக்க முடியாது. அனந்தபுரத்துக்கு யாராச்சும் ஒருத்தர் போயாவணும்."

"நான் போறேன்," என்றேன்.

வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. லேசாக மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எனக்கே ஒரு மாலை போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த திங்கள் அக்கா செஞ்சிக்குத் திரும்பி வந்தார். நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றேன். அட்டையை அவர் கையில் கொடுத்தேன். புடவைத் தலைப்பால் துடைத்துப் பார்த்துவிட்டு டிராயரில் வைத்தார்.

"என்ன மன்னிச்சிருங்கக்கா. தப்பு எம்மேலதான்," என்றேன்.

அவர் பிரிண்டரில் காகிதம் வைத்துக்கொண்டே பேசினார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "மொத ஞாயித்துக்கெழம எம் பொண்ணு ஹாஸ்டல் கேட்டாண்ட ஒரு மணி வரைக்கும் நின்னுகினே இருந்துச்சாம். இன்னா வேலன்னு நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பக்கத்துலதான உக்காந்துகினு இருந்தேன்."

"மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா."

அவர் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ மைக்குல பேசினத டாக்டரம்மாவே போன்ல சொன்னாங்க. நான் மன்னிச்சிட்டேன்னா, அதையும் கொண்டுபோய் ஒங்க கூட்டத்துல சாட்சியா சொல்லுவ. வேணாம்மா. பஸ்ஸுக்கு நேரமாவுது, கெளம்பு."

சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தச் சாட்சியின் முதல் வரியைக் காலையில் குளிக்கும்போதே யோசித்து வைத்திருந்தேன்.