சொல்லிக்கொள்ளாமல் வந்த வீடு

எங்கள் நைனா மறைந்து இன்றோடு ஓராண்டு. நாலு பேர் முன்னால் பேச வராதவள் நான், பத்தாவதோடு நின்றவள். இந்த நினைவு மலரில் இதை நான்தான் எழுத வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நைனா பிறந்தது சித்தூர்ப் பக்கம் பாலசமுத்திரத்தில். சொந்த நிலமில்லாத குடும்பம். சிறு வயதிலேயே கூலிக்குப் போய், பின்னாளில் கொஞ்சம் நிலம் வாங்கி மாங்கன்று வைத்தார். நல்ல உழைப்பாளி, ஆனால் வெளியாரை நம்பமாட்டார். வாசலில் யாராவது தண்ணீர் கேட்டால்கூட, "தெருமுனையில குழா கீது" என்று அனுப்பிவிடுவார்.

நான் எட்டாவது படித்தபோது, மாங்காய் லாரியில் சுமை இறக்கும் வேலைக்காக நாக்பூருக்குப் போனார். அவ்வளவு தூரம் போனது அந்த ஒரு முறைதான். வழியில் கடும் காய்ச்சல். காய் அழுகிவிடும் என்பதால், டிரைவர் மாமா அவரைச் சாலையோர வீடு ஒன்றில் படுக்கவைத்துவிட்டுப் போனார். அந்த வீட்டம்மா ஐந்து நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, ஈரத்துணி போட்டுப் பார்த்துக்கொண்டார். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை. லாரி திரும்பி வந்தபோது அந்தம்மா தோட்டத்துக்குப் போயிருந்தார். ஹாரன் அடித்த அவசரத்தில் நைனா ஏறிவிட்டார்.

"போய்ட்டு வரேன்னு ஒரு வார்த்த சொல்லாம வந்துட்டேனே" என்று கடைசிவரை வருந்தினார்.

அதன்பிறகு எங்கள் வீடு மாறியது. புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் வீட்டில் இரவு படுத்துவிட்டுப் போனார்கள். மாங்கூழ் ஆலைக்கு வந்த ஒடிசாக்காரர் ஒருவர் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் காய்ச்சலோடு கிடந்தபோது, நைனா அவரை வீட்டுக்கே அழைத்து வந்தார்.

"ஏன்யா, அவங்கிட்ட எந்த பாஷையில பேசுவ?" என்றார் அம்மா.

"ஜொரத்துக்கு இன்னாடி பாஷ? கஞ்சி வை."

அந்த ஒடிசாக்காரர் நைனாவின் காரியத்துக்கு ரயிலேறி வந்து, தம்பியோடு உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்டார்.

"என்ன ஒருதபா அங்க இட்டுக்கினு போம்மா, சொல்லிட்டு வந்துடறேன்" என்று நைனா மாங்காய் சீசன்தோறும் கேட்பார். தெரியாத ஊர், புரியாத பாஷை. எனக்குப் பயம். "அடுத்த சீசன்ல போலாம் நைனா" என்றே தள்ளிவிட்டேன்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் போன வருடம் இதே நாள் காலை, "காப்பி வாங்கிக்கினு வா" என்றார். கீழே போய் வாங்கி வருவதற்குள் போய்விட்டார். என்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. இத்தனை வருடம் அவர் மனதில் கிடந்த பாரம் என்னவென்று, அந்தக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது.

இரவு பகல் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்த ஆம்புலன்ஸ் டிரைவருக்கும், அடுப்பு மூட்ட விடாமல் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், உறவினர்களுக்கும் எங்கள் கும்பிடு.

இன்னொருவர் பாக்கி. லாரி டிரைவர் மாமாவுக்கு அந்த இடம் நினைவிருக்கிறது. வருகிற சீசனில் என்னை அழைத்துப்போகிறார். அந்தம்மா இருக்கிறாரோ, இல்லையோ. நைனா படம் போட்ட இந்த மலரில் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். அதை அந்த வீட்டில் கொடுத்து, எனக்குத் தெரிந்த தமிழிலேயே சொல்லிவிட்டு வருகிறேன்.

— மகள்