மைதானத்தில் கேட்டது

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரி என்னைக் கூடைப்பந்து ஆடத்தான் வேலைக்கு எடுத்தது. எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். அதற்கு முன் ஊர் ஊராக லாரிகளில் சுமை ஏற்றி இறக்கினேன். கம்பம் நட்ட மைதானம் கண்ட இடத்தில் ஆடினேன், அங்கேயே படுத்தேன். ஓட்டத்தில் மந்தம். ஆனால் ஓரத்தில் நின்று எறிந்தால் பந்து வளையத்தில் இடிக்காமல் வலைக்குள் இறங்கும். அதற்குத்தான் சம்பளம்.

பதிவேட்டில் மட்டும் நான் சுண்ணாம்புத் தொட்டி ஆள். தொட்டியில் ஊறிய தோலை இரண்டு பேர் கொக்கி போட்டு இழுக்க வேண்டும். நான் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவேன். எனக்கு ஜோடியாகப் போட்டிருந்தவர் தனியாக இழுப்பார். ஒரு கையில் கொக்கி, இன்னொன்று வெறுங்கை. சுண்ணாம்பு அவர் விரல்களைப் புண்ணாக்கியிருந்தது. நானோ என் விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வந்தேன்.

வேலூர் அணியோடு இறுதி ஆட்டம். அன்று காலை என் ஜோடிக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தோஸ்த், ஜெயிச்சா மொதலாளி இன்னா வேணும்னு கேப்பாரு. என்ன ஃபினிஷிங்குக்கு மாத்தச் சொல்லு. அங்க சுண்ணாம்பு கெடையாது. இப்பவே சோறு பெசைய முடியல."

"கண்டிப்பா கேக்கறேண்ணே."

"நீ பந்த போடு. தொட்டிய நான் பாத்துக்கறேன். எப்பவும் போல!" என்று சிரித்தார்.

ஜெயித்தோம். அதிகம் போட்டது நான். அதிகம் போட்டவன் மைதானத்திலேயே, எல்லார் முன்னாலும், ஒன்று கேட்கலாம், முதலாளி மறுக்கமாட்டார். அது அங்கே வழக்கம்.

"இன்னாப்பா வேணும், கேளு," என்றார் முதலாளி.

கயிற்றுக்கு அந்தப் பக்கம், கூட்டத்தில், என் ஜோடிக்காரர் நின்றிருந்தார். என் பக்கத்தில் வேலூர் ஆட்டக்காரர்கள், காலேஜ் பையன்கள். அவர்களிடம் நான் ஆபீஸ் கிளார்க் என்று சொல்லி வைத்திருந்தேன். 'என் தொட்டி ஜோடி' என்று வாயைத் திறந்தால் தெரிந்துவிடும்.

"கேன்வாஸ் ஷூ," என்றேன்.

"தோல்காரன்கிட்ட வந்து துணி ஷூ கேக்கறான் பாரு!" என்றார் முதலாளி. மைதானமே சிரித்தது. கயிற்றருகே நின்றவரும் சிரித்தார், கை தட்டாமல்.

மறுநாள் முதலாளியின் அறைக்குப் போய், ஜோடிக்காரரை ஃபினிஷிங்குக்கு மாற்றச் சொன்னேன். "அதான் கேட்டத குடுத்தாச்சே. இதெல்லாம் மேஸ்திரிகிட்ட பேசு," என்றார். மேஸ்திரி, "தொட்டிக்கு ஆளே கம்மி. நீ எறங்கறியா?" என்றார். நான் இறங்கவில்லை. மைதானத்துக்குப் போய்விட்டேன்.

ஜோடிக்காரர் என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "ஷூ சைஸ் சரியா கீதா?" என்று மட்டும் கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

இன்னும் இரண்டு வருடம் அந்த அணிக்கு ஆடினேன். பிறகு முழங்கால் போனது. ராணிப்பேட்டை, பெங்களூர் என்று அலைந்தேன். அந்த இரண்டு வருடமும் தினம் கையெழுத்துப் போட்டவுடன், தொட்டிப் பக்கம் போகாமல், பின்கேட் வழியாகவே வெளியே போனேன்.